புதிதாக மேனேஜர் ஆனவர்களுக்கு: கட்டளை செல்லாத இடத்தில் பழைய தளபதிகள் என்ன செய்தார்கள்?

பெங்களூரில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் பலருக்கும் மேனேஜர் பொறுப்பு ஒரே ஒரு மின்னஞ்சலில் வந்து சேர்ந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை வரை கோட் எழுதிக்கொண்டிருந்தவர், திங்கட்கிழமை எட்டுப் பேருக்குப் பொறுப்பாளி. நேற்றுவரை கேன்டீனில் தோளில் கைபோட்டுப் பேசியவர்கள் இன்று லீவுக்கு அவரிடம் அனுமதி கேட்கிறார்கள். ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி, மான்யதா என்று எங்கே கேட்டாலும் இதுதான் நிலவரம். இப்படிப் புதிதாகப் பொறுப்பேற்றவர்களோடு உட்கார்ந்து பேசுவது என் வேலையில் ஒரு பங்கு. அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

பழங்காலத் தளபதிகளிடம் நிர்வாகப் பாடம் தேடுவது புதிதில்லை. ஆனால் பலரும் எடுத்துக்கொள்வது வியூகம், தந்திரம், எதிரியை வீழ்த்துவது என்ற பகுதியைத்தான். ஆபீசில் எதிரி யாரும் இல்லை. பக்கத்து டீமும் அதே கம்பெனியில்தான் சம்பளம் வாங்குகிறது. அதோடு, அந்தத் தளபதிகளிடம் உயிரையே எடுக்கும் அதிகாரம் இருந்தது. உங்கள் டீமில் இருப்பவருக்குப் பிடிக்கவில்லை என்றால், ரெண்டு இன்டர்வியூ கொடுத்துவிட்டு எதிர்க் கட்டடத்துக்குப் போய்விடுவார். ஆகவே அதிகாரத்தால் சாதித்தவை நமக்கு அதிகம் உதவாது. ஆட்கள் மனது வைக்காமல் ஓர் அடி நகர முடியாது என்ற நேரத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பாருங்கள். நமக்கு வேண்டியது அங்கேதான் இருக்கிறது.

முதல் வாரம்: காலி இடங்களை நிரப்புங்கள்

கி.மு. 401. பாரசீக இளவரசன் சைரஸ், அண்ணனிடமிருந்து அரியணையைப் பறிப்பதற்காகச் சுமார் பத்தாயிரம் கிரேக்கக் கூலிப்படையினரையும் சேர்த்துக்கொண்டு பாபிலோன் பக்கம் வரை போனான். குனாக்ஸா என்ற இடத்தில் நடந்த சண்டையில் அவன் இறந்துவிட்டான். அதன்பின் பேச்சுவார்த்தைக்கென்று போன கிரேக்கத் தளபதிகள் ஐந்து பேரையும் பாரசீகர்கள் வஞ்சகமாகப் பிடித்தார்கள், அவர்கள் கொல்லப்பட்டார்கள். அன்று இரவு முகாமில் பலர் சாப்பிடவில்லை, நெருப்புக்கூட மூட்டவில்லை, இருந்த இடத்திலேயே படுத்துவிட்டார்கள். இதையெல்லாம் எழுதிவைத்தவர் அந்தப் படையோடு இருந்த செனஃபோன். அப்போது அவர் தளபதியும் இல்லை, சிப்பாயும் இல்லை. நண்பர் கூப்பிட்டார் என்று கூட வந்தவர்.

நள்ளிரவில் மிச்சமிருந்த அதிகாரிகளைக் கூட்டி அவர் வற்புறுத்திய முதல் காரியம், போனவர்களின் இடத்துக்கு உடனே ஆள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது. அப்படியே தேர்ந்தெடுத்தார்கள், அவரும் ஒரு தளபதி ஆனார். அப்புறம் படை முழுவதையும் கூட்டி, வண்டிகளையும் கூடாரங்களையும் எரித்துவிடலாம், தேவைக்கு மிஞ்சிய மூட்டைகளை விட்டுவிடலாம் என்று சொன்னார். எல்லாரும் கையைத் தூக்கிச் சம்மதித்தார்கள். அதற்குப் பிறகுதான் எரித்தார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. ஒரு ஷீட்டைத் திறந்து டீம் செய்யும் எல்லா வேலைகளையும் எழுதுங்கள். ரிலீஸ் (முடித்த மென்பொருளை வெளியிடுவது), மாத ரிப்போர்ட், கிளையன்ட் அழைப்பு, சர்வர் சான்றிதழை (சைட் பாதுகாப்பானது என்று காட்டும், காலாவதியாகும் டிஜிட்டல் சான்று) புதுப்பிப்பது, புதிதாகச் சேர்ந்தவருக்கு ஆக்சஸ் வாங்கித் தருவது வரை எதையும் விடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு பெயர். 'டீம்' என்று எழுதக் கூடாது, இரண்டு பெயரும் கூடாது. பெயர் இல்லாமல் நிற்கும் வரிகள்தான் உங்கள் முதல் வாரத்து வேலை. சான்றிதழ் காலாவதியாகி சனிக்கிழமை ராத்திரி சைட் படுத்துக்கொள்வது போன்ற விபத்துகள் எல்லாம் அந்தக் காலி வரிகளிலிருந்துதான் கிளம்புகின்றன.

பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு நெடுவரிசை போட்டு, 'இதை யார் படிக்கிறார்கள், யாருக்கு உதவுகிறது?' என்று எழுதுங்கள். பதில் இல்லாத ரிப்போர்ட்டும் மீட்டிங்கும் எரிக்க வேண்டிய வண்டிகள். அதையும் நீங்களாக முடிவு செய்து அறிவித்துவிடாதீர்கள். டீமைக் கூட்டி, எதை நிறுத்தலாம் என்று கேளுங்கள். அவர்கள் வாயாலேயே வந்தால் அது அவர்களுடைய முடிவாகிவிடும். நாளைக்கு ஏதாவது இடித்தாலும் அவர்களே சரிசெய்துகொள்வார்கள்.

முதல் மாதம்: குதிரையிலிருந்து எப்போது இறங்குவது

அதே பயணத்தில் இன்னொரு நாள். பாதைக்கு மேலே இருந்த ஒரு குன்றை எதிரிக்கு முன்னால் பிடித்தாக வேண்டும். இரண்டு பக்கமும் ஓட்டம். செனஃபோன் குதிரையில் இருந்தபடி, "இப்போது ஓடினால் வீட்டுக்கே ஓடுகிற மாதிரி, மனைவி மக்களைப் பார்க்கலாம்" என்று உற்சாகப்படுத்திக்கொண்டு வருகிறார். சொத்தெரிதாஸ் என்ற சிப்பாய் திரும்பிப் பார்த்து, நீயும் நானும் ஒன்றில்லை, நீ குதிரையில் வருகிறாய், நான் இந்தக் கேடயத்தைச் சுமந்து சாகிறேன் என்கிறான். செனஃபோன் ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. குதித்து இறங்கி, அவனை வரிசையிலிருந்து தள்ளிவிட்டு, கேடயத்தைப் பிடுங்கிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். உடம்பில் குதிரைவீரர்கள் போடும் கனத்த கவசம் வேறு. மூச்சு வாங்குகிறது. முன்னால் போகிறவர்களைப் போகச் சொல்கிறார், பின்னால் வருகிறவர்களைத் தன்னைத் தாண்டிப் போகச் சொல்கிறார். கடைசியில் மற்ற சிப்பாய்களே சொத்தெரிதாஸை அடித்துத் திட்டி, கேடயத்தைத் திரும்ப வாங்கவைத்தார்கள். அவர் மறுபடி குதிரையில் ஏறிக்கொண்டார். குன்றை அவர்கள்தான் முதலில் பிடித்தார்கள்.

இதில் கவனிக்க இரண்டு விஷயம் உண்டு. அந்தச் சிப்பாய் சொன்னது உண்மை. அதனால்தான் அவர் வாதாடவில்லை. இன்னொன்று, வேலை முடிந்ததும் அவர் திரும்பக் குதிரை ஏறிவிட்டார். அங்கிருந்து பார்த்தால்தான் குன்று முழுவதும் கண்ணில் படும்.

முதல் மாதத்திலேயே உங்கள் டீமில் எல்லாரும் வெறுக்கும் வேலை எது என்று கண்டுபிடியுங்கள். அனேகமாக அது நடு ராத்திரி ஆன்-கால் (சிஸ்டம் பழுதானால் எந்நேரமும் எழுந்து பார்க்கும் முறைப்பணி) ஆக இருக்கும், அல்லது கோபக்கார கிளையன்ட்டின் வாராந்திர அழைப்பு. ஒரு சுற்று நீங்கள் எடுங்கள். முழுச் சுற்று, ராத்திரி இரண்டு மணி அலாரம் உட்பட. அதை யாரிடமும் சொல்லிக் காட்ட வேண்டாம். அந்த ஒரு வாரத்தில், எந்த அலாரம் வெறும் சத்தம், எந்த ஆவணம் பழசு என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். அவற்றைச் சரிசெய்ய நேரம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டுக் குதிரை ஏறிவிடுங்கள்.

ரோமானியத் தளபதி சீசர் கி.மு. 57-இல் நெர்வி என்ற இனத்தாரோடு ஓர் ஆற்றங்கரையில் சிக்கியபோது, பின்வரிசை வீரன் ஒருவனின் கேடயத்தை வாங்கிக்கொண்டு முன்வரிசைக்குப் போனார். அவர் செய்த அடுத்த காரியம், நூற்றுவர் தலைவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. அத்தனை அமளியிலும் பெயர்கள் ஞாபகம் இருந்தன. உங்கள் டீமில் கான்ட்ராக்ட்டில் இருப்பவர்கள் பெயரும், டெஸ்டிங் பக்கம் உட்காருபவர்கள் பெயரும் உங்களுக்குச் சரியாக உச்சரிக்கத் தெரியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கீபோர்டிலிருந்து கையை எடுங்கள்

நன்றாகக் கோட் எழுதியதால்தான் உங்களுக்கு இந்தப் பதவி. அதனாலேயே இதை விடுவது கஷ்டம். கி.மு. 202-இல் சீனாவில் ஹான் வம்சத்தை நிறுவிய லியூ பாங், தான் ஜெயித்ததற்குத் தானே ஒரு காரணம் சொன்னார். திட்டம் போடுவதில் சாங் லியாங் அளவுக்குத் தன்னால் முடியாது. உணவும் பணமும் தடையில்லாமல் அனுப்புவதில் சியாவ் ஹே அளவுக்கு முடியாது. படை நடத்துவதில் ஹான் சின் அளவுக்கு முடியாது. ஆனால் இந்த மூன்று பேரையும் பயன்படுத்தத் தனக்குத் தெரிந்தது. எதிரி சியாங் யூவுக்கு ஃபான் செங் என்ற ஒரே ஒரு நல்ல ஆலோசகர் இருந்தும் அவரைப் பயன்படுத்தத் தெரியவில்லை என்றார். சியாங் யூ நேருக்கு நேர் சண்டையில் அசகாய சூரர். தோற்றது அவர்தான்.

எனவே கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். முதலில், ரிலீஸுக்கு முன்னால் கட்டாயம் முடிந்தாக வேண்டிய எந்த வேலையையும் உங்கள் பெயரில் வைத்துக்கொள்ளாதீர்கள். அப்புறம், மற்றவர் எழுதிய கோடைச் சரிபார்க்கும் ரிவ்யூவில் 'நானாக இருந்தால் இப்படி எழுதியிருப்பேன்' என்ற கருத்தை எழுதுவதை நிறுத்துங்கள்; தப்பு இருந்தால் மட்டும் சொல்லுங்கள். அவர் மூன்று நாளில் செய்வதை நீங்கள் ஒரு நாளில் செய்துவிடுவீர்கள் என்பது உண்மையாகவே இருக்கட்டும். அடுத்த முறை அவர் இரண்டு நாளில் முடிப்பார்.

ஆள் கிளம்புவதற்கு முன்னால்

மேலே சொன்ன ஹான் சின் முதலில் சியாங் யூவிடம் இருந்தவர். அங்கே மதிப்பு இல்லை என்று லியூ பாங்கிடம் வந்தார். இங்கே அவருக்குத் தானியக் கிடங்கைப் பார்க்கும் வேலைதான் கிடைத்தது. ஒருநாள் சொல்லாமல் கிளம்பிவிட்டார். அவருடைய திறமை தெரிந்த சியாவ் ஹே, அரசரிடம்கூடச் சொல்லாமல் பின்னாலேயே போய் அழைத்து வந்தார். இத்தனை அதிகாரிகள் ஓடினார்களே, இவனை மட்டும் எதற்குத் துரத்தினாய் என்று லியூ பாங் கோபப்பட்டார். மற்றவர்கள் மாதிரி ஆள் கிடைக்கும், இவரைப் போல் கிடைக்காது என்று சியாவ் ஹே சொன்னார். சரி, கூப்பிடு, பதவி கொடுக்கிறேன் என்றார் அரசர். அப்போது சியாவ் ஹே சொன்ன பதில்தான் எனக்கு மிகவும் பிடித்தது. சின்னப் பையனைக் கூப்பிடுவது போல் கூப்பிடாதீர்கள், அதனால்தான் அவர் போனார். நல்ல நாள் பார்த்து, மேடை கட்டி, முறையாகச் செய்யுங்கள் என்றார். அப்படியே செய்தார்கள்.

பெங்களூரில் பல கம்பெனிகளில் 60 அல்லது 90 நாள் நோட்டீஸ் பீரியட். ராஜினாமா வந்த பிறகு சம்பளத்தைக் கூட்டித் தருகிறேன் என்று பேசுவது, ஹான் சின்னைப் பாதி வழியில் பிடிப்பதைவிடக் கடினம். அவர் மனதளவில் முன்பே போய்விட்டார். அதனால் யாரும் கிளம்பாத மாதத்திலேயே கேளுங்கள். ஒவ்வொருவரோடும் தனியாகப் பேசும் ஒன்-ஆன்-ஒன்னில் வேலை நிலவரம் பேசாமல், "உங்களால் முடிந்ததில் எது இங்கே பயன்படாமல் கிடக்கிறது?" என்று கேளுங்கள். டேட்டாபேஸ் வேலையில் கைதேர்ந்த ஒருவர் உங்கள் டீமில் எக்செல் ஷீட்டை நிரப்பிக்கொண்டிருக்கலாம். அவர்தான் தானியக் கிடங்கில் இருப்பவர். பெரிய பொறுப்பு கொடுப்பதாக இருந்தால் சாட்டில் ஒரு வரியாகத் தட்டிவிடாதீர்கள். எல்லாரும் இருக்கும் கூட்டத்தில், இன்ன வேலை இனி இவர் சொல்படி நடக்கும் என்று சொல்லுங்கள்.

ஒரு டீம், ஐந்து மொழி

ரோமோடு போரிட்ட கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் கி.மு. 218-இல் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலிக்குள் இறங்கினார். அங்கே அவர் நடத்திய படையில் இருந்தவர்கள் லிபியர், ஐபீரியர், நுமிதியர், கெல்டியர் என்று பல இனத்தார். இவர்களுக்குள் மொழி, சட்டம், பழக்கவழக்கம் எதுவும் பொது இல்லை என்கிறார் வரலாற்றாசிரியர் பாலிபியஸ். ஆனாலும் சுமார் 16 ஆண்டு இத்தாலியில் இருந்தும் அந்தப் படை தலைவனை எதிர்த்துக் கலகம் செய்யவில்லை என்று வியக்கிறார். கி.மு. 216-இல் ரோமானியர்களோடு நடந்த கன்னே சண்டையில் ஹன்னிபாலின் திட்டப்படி நடுப்பகுதி மெல்லப் பின்வாங்க வேண்டும். மிக ஆபத்தான இடம். அங்கே நிறுத்தியது கெல்டியரையும் ஐபீரியரையும். தானும் தம்பி மாகோவும் அந்த நடுப்பகுதியிலேயே நின்றார்.

பெங்களூர் டீம் இதைவிடக் கொஞ்சம்தான் எளிது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தர்ஷினி (நின்றபடி சாப்பிடும் சின்ன ஓட்டல்) வாசலில் காபி டம்ளரோடு நிற்கிறீர்கள். மூன்று தமிழர்கள், பேச்சு தானாகத் தமிழுக்கு வந்துவிடும். இயல்புதான். அதே பேச்சில், புதன்கிழமை ரிலீஸை வெள்ளிக்குத் தள்ளிவிடலாம் என்று முடிவாகிவிடும். மாண்டியாக்காரப் பெண்ணுக்கும் குவாஹாட்டிப் பையனுக்கும் மறுநாள் காலை ஸ்டாண்ட்-அப் என்ற தினசரிக் குட்டிக் கூட்டத்தில்தான் அது தெரியும். முகத்தில் ஒன்றும் காட்ட மாட்டார்கள். இரண்டு மூன்று தடவை இப்படி நடந்தால், இது தமிழ் டீம், நமக்கு இங்கே வேலையில்லை என்று ஒதுங்கிவிடுவார்கள்.

இதற்குக் கறாரான ஒரு வழக்கம் வேண்டும்: காபிக் கடையில் என்ன பேசினாலும், எல்லாருக்கும் புரியும் மொழியில் டீம் சேனலில் எழுதி, மற்றவர்களும் கருத்துச் சொன்ன பிறகுதான் அது முடிவு. சொந்த மொழிக்காரர் என்பதாலேயே ஒருவருக்குக் கஷ்டமில்லாத வேலை போகிறதா என்றும் பாருங்கள். ஹன்னிபால் நின்ற இடத்தை நினைத்துக்கொண்டால் போதும். மற்ற மொழிக்காரர் தலையில் விழும் சிக்கலான வேலையில் நீங்களும் கூட நிற்க வேண்டும். அப்படியே கன்னடத்தில் நாலு வாக்கியம் பேசக் கற்றுக்கொள்ளுங்கள். ஊர்க்காரர்களோடு அவர்கள் மொழியில் பேசுவது மரியாதை. செக்யூரிட்டி அண்ணனில் தொடங்கலாம்.

கன்னேயில் ரோமானியர்கள் தோற்றதிலும் ஒரு பாடம் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். அவர்களுக்கு இரண்டு தளபதிகள், வாரோவும் பவுலுஸும். ஒருநாள் இவர், மறுநாள் அவர் என்று தலைமை மாறியது. சண்டை வேண்டும் என்றார் வாரோ, இந்த இடத்தில் வேண்டாம் என்றார் பவுலுஸ். வாரோவின் நாளில் படை களத்தில் இறங்கி அழிந்தது. உங்களுக்கும் வெளிநாட்டில் இருக்கும் இன்னொரு மேனேஜருக்கும் இடையே எந்த முடிவு யாருடையது என்பதை முதல் மாதத்திலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

மௌனத்தைச் சம்மதம் என்று எடுக்காதீர்கள்

கி.மு. 326. அலெக்சாண்டரின் படை ஆசியாவுக்குள் நுழைந்து எட்டு ஆண்டுகள். பஞ்சாபில் மழைக்காலம். பியாஸ் நதிக்கரையில், இன்னும் கிழக்கே போகலாம் என்று அதிகாரிகளைக் கூட்டிப் பேசினார். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள் என்றார். வெகுநேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு கோயினஸ் என்ற மூத்த அதிகாரி எழுந்தார். கிளம்பியவர்கள் எத்தனை பேர், மிஞ்சியவர்கள் எத்தனை பேர், எல்லாருக்கும் பெற்றோரையும் பிள்ளைகளையும் பார்க்க வேண்டும் என்றிருக்கிறது என்று எடுத்துச் சொன்னார். அலெக்சாண்டர் கோபத்தோடு கூட்டத்தைக் கலைத்தார், மறுநாளும் முறுக்கிக்கொண்டார், மூன்று நாள் கூடாரத்தை விட்டு வெளியே வரவில்லை. படை மனம் மாறவில்லை. கடைசியில், சகுனம் சரியில்லை என்று அறிவித்துத் திரும்ப ஒப்புக்கொண்டார்.

ஆன்லைன் மீட்டிங்கில் "எல்லாருக்கும் ஓகேதானே?" என்று கேட்டால் வரும் அமைதி, அந்த நதிக்கரை அமைதிதான். கேள்வியை மாற்றுங்கள்: "இதில் எது முதலில் உடையும்?" வயதில் சின்னவரை முதலில் பேசச் சொல்லுங்கள், பெரியவர் பேசிவிட்டால் அவர் வாயே திறக்க மாட்டார். உங்கள் டீமிலும் ஒரு கோயினஸ் இருப்பார். அவர் எதிர்த்துப் பேசிய அன்று, சாயங்காலமே போய் நன்றி சொல்லுங்கள். அவர் சொன்னது சரி என்றால் அன்றைக்கே முடிவை மாற்றுங்கள். மூன்று நாள் கூடாரம் வேண்டாம்.

அசோகரின் ஆறாவது பெரும்பாறைக் கல்வெட்டு இதற்கு ஒரு நடைமுறையே தருகிறது. சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும், அந்தப்புரத்தில் இருந்தாலும், தோட்டத்தில் இருந்தாலும், மக்கள் காரியம் என்றால் எந்த நேரமும் என்னிடம் வந்து சொல்லலாம் என்கிறார். நீங்களும் டீமுக்கு இதைத் தெளிவாகச் சொல்லுங்கள்: நல்ல செய்தி நாளைக்கு வரலாம், கெட்ட செய்தி உடனே வர வேண்டும். அப்படிச் சொல்ல வந்தவரிடம் முதல் கேள்வியாக "யார் செய்தது?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதோடு அந்த வழி அடைபட்டுவிடும்.

தியாகம் காட்டித் திட்டத்தை மறைக்காதீர்கள்

திரும்பும் வழியில், கி.மு. 325-இல், அலெக்சாண்டர் கெட்ரோசியப் பாலைவனத்தின் வழியாகப் படையை நடத்தினார். ஏராளமானோர் தாகத்தில் இறந்தார்கள். யாரோ தேடிப்பிடித்துத் தலைக்கவசத்தில் கொஞ்சம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தபோது, எல்லார் கண் முன்னாலும் அதைத் தரையில் ஊற்றிவிட்டார். தலைமைப் பண்புக்கு உதாரணமாக இதைப் பலர் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. படையை அந்த வழியில் கொண்டுபோனதே அவர்தான். வார இறுதியில் டீமோடு விடிய விடிய உட்கார்ந்து பீட்சா வாங்கிக் கொடுப்பது நல்ல மனசுதான். ஆனால் அந்த வார இறுதி ஏன் வந்தது என்று திங்கட்கிழமை உட்கார்ந்து பார்ப்பதுதான் உங்கள் வேலை. தேதியை ஒப்புக்கொண்டபோதே முடியாது என்று தெரிந்திருந்ததா? தெரிந்திருந்தால், அடுத்த முறை 'முடியாது' என்று மட்டும் சொல்லாமல், இந்தத் தேதிக்கு இவ்வளவு முடியும், முழுதும் வேண்டுமென்றால் இந்தத் தேதி என்று இரண்டு வழியையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

பெயரை எழுதி வையுங்கள்

பொம்மனஹள்ளியைத் தாண்டிப் பேகூரில் நாகநாதேஸ்வரர் கோயில் இருக்கிறது. 'பெங்களூரு' என்ற பெயரைச் சொல்லும் மிகப் பழைய கல்வெட்டு அங்கேதான், சுமார் 890-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அது அரசனின் வெற்றிப் பட்டியல் இல்லை; பெங்களூருப் போரில் இறந்த ஒருவருக்காக வைத்த வீரக்கல். நம் பக்கத்து நடுகல்களும் அப்படித்தான். செங்கம் பகுதியில் எடுத்தனூரில் 7-ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்றில், இறந்த வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் இருந்தது என்றும் கல்லிலேயே எழுதியிருக்கிறார்கள். யார், என்ன செய்தார்கள் என்ற இரண்டும் அதில் இருக்கின்றன.

ரிலீஸ் முடிந்ததும் நீங்கள் அனுப்பும் மெயிலில் 'டீம் அருமையாக உழைத்தது' என்று எழுதினால் அதில் யாரும் இல்லை. இன்னார், பேமென்ட் பக்கம் நின்றுபோனபோது ராத்திரி பதினொரு மணிக்கு லாக்கை (சிஸ்டம் எழுதிவைக்கும் பதிவுகளை) படித்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார் என்று எழுதுங்கள். உங்கள் மேலதிகாரியும் அந்த மெயிலைப் பெறுபவர்களில் இருக்கட்டும். மாதக் கடைசியில் அரைமணி நேரம் ஒதுக்கி, ஒவ்வொருவர் பெயருக்கும் கீழே அந்த மாதம் அவர் செய்தது இரண்டு வரி எழுதி வையுங்கள். அப்ரைசல் சமயத்தில் ரேட்டிங் கூட்டத்துக்குப் போகும்போது அந்தப் பக்கங்களை எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே ஒரே உயர் ரேட்டிங்குக்கு மூன்று டீம்கள் போட்டியிடும். பிப்ரவரியில் நடந்ததைத் தேதியோடு சொல்ல முடிந்த மேனேஜரின் ஆளுக்குத்தான் அது பெரும்பாலும் கிடைக்கிறது.